முப்பது நாள் குக்கீயின் ஏழு நாள் ஆயுள்

ஹோஸ்டிங் விற்கும் நிறுவனமானாலும் ஆன்லைன் கோர்ஸ் நடத்தும் நிறுவனமானாலும், தன் அஃபிலியேட் திட்டத்தை அறிமுகப்படுத்தும் பக்கத்தில் இரண்டு எண்களைப் பெரிதாகப் போடும். ஒன்று கமிஷன் விகிதம். மற்றது குக்கீ காலம்: 30 நாள், 60 நாள், தாராள மனசுக்காரர்கள் 90 நாள். உங்கள் லிங்கைத் தட்டியவர் அத்தனை நாளுக்குள் எப்போது வாங்கினாலும் கமிஷன் உங்களுக்கு என்று அர்த்தம். முதல் எண்ணை நம்பலாம். அது ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரண்டாவது எண் அந்த நிறுவனத்தின் கையிலேயே இல்லை. வாசகரின் பிரவுசர்தான் அதை முடிவு செய்கிறது. ஐபோனில் சஃபாரி வைத்திருப்பவரிடம் 90 நாள் குக்கீ பெரும்பாலும் 7 நாளில் காலாவதி ஆகிவிடும். சில நேரம் 24 மணி நேரம்கூடத் தாண்டாது.

கமிஷன் எங்கே அறுபடுகிறது, எந்த மாதிரித் திட்டம் இதைத் தாங்கும், எதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்த அத்தியாயம். தொழில்நுட்பம் கொஞ்சம் வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பணம் அங்கேதான் இருக்கிறது.

லிங்கைத் தட்டியதும்

உங்கள் கட்டுரையில் இருக்கும் அஃபிலியேட் லிங்க் நேராகக் கடைக்குப் போவதில்லை. ஏவின், சிஜே, இம்பாக்ட், அட்மிடாட் போன்ற நெட்வொர்க்கின் முகவரிக்கு முதலில் போகும். கண் சிமிட்டும் நேரத்தில் அங்கே ஒரு கிளிக் எண் உருவாகும். கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்துவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி அது: இந்த நொடியில், இன்னாருடைய லிங்கிலிருந்து ஒருவர் வந்தார் என்பதற்கு அடையாளம். அந்த எண்ணைக் கடையின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஒட்டி, வாசகரைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். முகவரிப் பட்டியில் நீளமாக, அர்த்தமில்லாத எழுத்துக்கோவையாகத் தெரிவது அதுதான்.

பழைய முறையில் நெட்வொர்க் தன் பெயரிலேயே ஒரு குக்கீயை வாசகரின் பிரவுசரில் போட்டுவைக்கும். வாசகர் என்றைக்கோ கடையில் ஆர்டர் போட்டதும், 'நன்றி' பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு புள்ளி அளவுப் படம் நெட்வொர்க்கின் சர்வரைக் கூப்பிடும். கூப்பிடும்போது பிரவுசர் அந்தப் பழைய குக்கீயையும் சேர்த்து அனுப்பும். எண் பொருந்தும், கமிஷன் பதிவாகும். வாசகர் இருப்பது கடையின் தளத்தில், ஆனால் குக்கீ போவதோ நெட்வொர்க்குக்கு. இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்கிறார்கள். விளம்பர நிறுவனங்கள் ஊரெல்லாம் ஆட்களைப் பின்தொடரப் பயன்படுத்தியதும் இதே வழியைத்தான். பிரவுசர்கள் அந்த வழியை அடைத்தபோது அஃபிலியேட்காரர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள்.

புதிய முறையில் கடையே அந்தக் கிளிக் எண்ணை முகவரிப் பட்டியிலிருந்து எடுத்துத் தன் சொந்தக் குக்கீயாக எழுதிவைத்துக்கொள்கிறது. ஆர்டர் வந்ததும் கடையின் சர்வர் நெட்வொர்க்கின் சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும்: இந்தக் கிளிக் எண்ணுக்கு இவ்வளவு ரூபாய் ஆர்டர். போஸ்ட்பேக் என்று துறையில் சொல்வது இதுதான். இதில் மூன்றாம் தரப்புக் குக்கீ எங்கும் இல்லை. ஆனாலும் பிரச்சினை முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. கடை அந்த எண்ணை எப்படி எழுதிவைக்கிறது என்பதில்தான் மிச்சக் கதை.

சஃபாரி போட்ட கத்தரி

ஆப்பிள் 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் 'இன்டெலிஜென்ட் டிராக்கிங் பிரிவென்ஷன்' என்ற வசதியைச் சஃபாரியில் கொண்டுவந்தது. சுருக்கமாக ஐடிபி. அப்போது அதில் ஒரு சலுகை இருந்தது: ஒரு தளத்தை வாசகர் நேரடியாகத் தொட்டுப் பயன்படுத்தினால், அதன் குக்கீ அடுத்த 24 மணி நேரத்துக்கு மூன்றாம் தரப்பாகவும் செல்லும். அடுத்த ஆண்டே அந்தச் சலுகை போய்விட்டது.

அஃபிலியேட் துறைக்கு உண்மையான அடி 2019-இல் விழுந்தது. அந்தப் பிப்ரவரியில் அறிவித்த மாற்றத்தின்படி, ஒரு தளம் தன் சொந்தக் குக்கீயையே ஜாவாஸ்கிரிப்ட் மூலம் எழுதினால் அதன் ஆயுள் அதிகபட்சம் 7 நாள். நீங்கள் 30 என்று எழுதுங்கள், 365 என்று எழுதுங்கள், சஃபாரி 7 என்றே வைத்துக்கொள்ளும். ஏப்ரலில் இன்னொரு பிடி இறுக்கினார்கள். பின்தொடரும் தளம் என்று சஃபாரி முத்திரை குத்திய ஒரு முகவரியிலிருந்து, முகவரிக்குப் பின்னால் எண் ஒட்டப்பட்டு ஒருவர் வந்திறங்கினால், அந்தப் பக்கத்தில் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கீக்கு ஆயுள் 24 மணி நேரம்தான். மேலே சொன்ன நெட்வொர்க் பயணத்தை இத்துடன் பொருத்திப் பாருங்கள். ஆயிரம் கடைகளுக்கு ஆட்களை அனுப்பிவைக்கும் நெட்வொர்க் முகவரி சஃபாரியின் கண்ணில் எப்படிப் படும் என்று விளக்க வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைச் சஃபாரி மொத்தமாகத் தடுத்தது. பழைய முறை அன்றோடு ஐபோனில் முடிந்தது. குக்கீ வேண்டாம், பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதிவைப்போம் என்று சிலர் போட்ட குறுக்குவழிக்கும் அதே அறிவிப்பில் 7 நாள் கெடு வந்தது.

நெட்வொர்க்குகள் சும்மா இருக்கவில்லை. கடையின் டொமைனுக்கு அடியில் ஒரு துணை முகவரியை உருவாக்கி, அதை டிஎன்எஸ் பதிவின் மூலம் தங்கள் சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். சிநேம் என்று இதற்குப் பெயர். பார்ப்பதற்குக் கடையின் சொந்த முகவரி, உள்ளே நெட்வொர்க்கின் சர்வர். 2020 நவம்பரில் சஃபாரி இதையும் கண்டுபிடித்து 7 நாளுக்குள் அடக்கியது. 2023-இல் இன்னும் ஒரு படி மேலே போனது: குக்கீயை எழுதும் சர்வரின் ஐபி எண், கடையின் ஐபி எண்ணோடு முதல் பாதியாவது பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் அதற்கும் 7 நாள்.

இத்தனைக்கும் பிறகு தப்பிப் பிழைப்பது ஒன்றே ஒன்று. கடை தன் சொந்தச் சர்வரிலிருந்து, பக்கத்தை அனுப்பும்போதே சேர்த்து அனுப்பும் குக்கீ. அதைச் சஃபாரி தொடுவதில்லை. ஆக, 'குக்கீ காலம் எத்தனை நாள்' என்ற கேள்வி உங்களுக்குப் பயன்படாது. 'குக்கீயை எழுதுவது யார், எங்கிருந்து' என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு நுணுக்கங்கள். ஐபோனில் குரோம் வைத்திருப்பவருக்கும் இதே கதிதான்; ஆப்பிள் விதிப்படி, ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களுக்கு வெளியே ஐபோனில் ஓடும் எல்லா பிரவுசருக்கும் உள்ளே இருப்பது சஃபாரியின் வெப்கிட் இயந்திரம். அடுத்தது, 7 நாள் என்பது குக்கீ எழுதப்பட்ட நாளிலிருந்து கணக்கு. வாசகர் ஐந்தாம் நாள் கடைக்குத் திரும்ப வந்து, கடையின் ஸ்கிரிப்ட்டும் குக்கீயைப் புதுப்பித்து எழுதினால் இன்னொரு 7 நாள் கிடைக்கும். எல்லாக் கடைகளின் ஸ்கிரிப்ட்டும் அப்படிச் செய்வதில்லை.

மற்ற பிரவுசர்கள்

குரோமின் கதையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பிறகு 2023 என்றது, 2024 என்றது, 2025 என்றது. 2024 ஜனவரியில் நூற்றில் ஒருவருக்குச் சோதித்தும் பார்த்தது. அதே ஆண்டு ஜூலையில் ஒழிக்கப்போவதில்லை, பயனரே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. 2025 ஏப்ரலில் அந்தத் தேர்வுப் பெட்டியையும் காட்டப்போவதில்லை என்று கைகழுவிவிட்டது. அதனால் சாதாரண குரோமில் பழைய முறைகூட இன்றும் ஓடுகிறது. இன்காக்னிடோவில் மட்டும் ஓடாது.

ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரிலிருந்தே, பட்டியலில் உள்ள பின்தொடரும் தளங்களின் குக்கீகளை எல்லோருக்கும் தடுக்கிறது. 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி ஜாடியில் அடைத்துவைக்கிறது. ஒரு தளத்தில் நெட்வொர்க் போட்ட குக்கீ இன்னொரு தளத்தில் கண்ணுக்கே தெரியாது. பிரேவ் மூன்றாம் தரப்புக் குக்கீகளை இயல்பாகவே தடுக்கிறது. அதோடு, இடையில் நிற்கும் பின்தொடர் முகவரியைத் தாண்டிக் குதித்து, லிங்குக்குள் எழுதியிருக்கும் கடைசி முகவரிக்கு நேரே போய்விடும் வித்தையும் அதற்குத் தெரியும். அப்படிக் குதித்தால் கிளிக் எண்ணே பிறக்காது. இதே பிரேவ், 2020-இல் முகவரிப் பட்டியில் ஒரு கிரிப்டோ சந்தையின் பெயரைத் தட்டுபவர்களுக்குத் தன் சொந்த அஃபிலியேட் குறியீட்டை ஒட்டி நிரப்பியது வெளியே வந்து, தலைமை நிர்வாகி பிரெண்டன் ஐக் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கமிஷன் ஆசை யாரையும் விட்டுவைப்பதில்லை போலும்.

விளம்பரத் தடுப்பான்கள் வேறு ரகம். அவை குக்கீ எதையும் ஆராய்வதில்லை; பட்டியலில் இருக்கும் முகவரியா, திறக்காது. சிஜே நெட்வொர்க் பயன்படுத்தும் முகவரிகளைப் பார்த்திருப்பீர்கள்: உச்சரிக்கவே முடியாத மெய்யெழுத்துக் குவியல்கள். அத்தகைய முகவரிகள் பல தடைப் பட்டியல்களில் இருக்கின்றன. யூபிளாக் ஆரிஜின் வைத்திருக்கும் வாசகர் உங்கள் லிங்கைத் தட்டினால், கடைக்குப் பதிலாக 'இந்தப் பக்கம் தடுக்கப்பட்டது' என்ற எச்சரிக்கை வரலாம். கமிஷன் போவது ஒருபுறம், உங்கள் தளம் ஏதோ வில்லங்கமானது என்று அவர் நினைத்துக்கொள்வது மறுபுறம். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

இதில் உங்கள் பங்கு எவ்வளவு

பதறுவதற்கு முன் உங்கள் அனலிட்டிக்ஸைத் திறந்து வாசகர்களின் பிரவுசர் விவரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சமையல் பாத்திரம், மொபைல் கவர் என்று எழுதுகிறவரின் வாசகர்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு குரோமில் இருப்பார்கள். அவர் அமேசான் லிங்க் போடுபவராகவும் இருந்தால் சஃபாரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதே இல்லை. அமேசான் லிங்க் இடையில் நெட்வொர்க் இல்லாமல் நேராக அமேசானுக்கே போகிறது. உங்கள் டேக் முகவரியிலேயே இருக்கிறது. அமேசான் தரும் காலமும் 24 மணி நேரம்தான். அதற்குள் கார்ட்டில் போட்டுவிட்டால் அந்தப் பொருளுக்கு மட்டும் ஏறக்குறைய மூன்று மாதம். ஏற்கெனவே குட்டையாக இருப்பதைச் சஃபாரி எங்கே வெட்டுவது?

அடிபடுகிறவர்கள், யோசித்து யோசித்து வாங்கும் பொருளை எழுதுகிறவர்கள். ஹோஸ்டிங், சாஃப்ட்வேர் சந்தா, ஐம்பதாயிரம் ரூபாய்க் கோர்ஸ், பயணப் பதிவு. வாசகர் உங்கள் ஒப்பீட்டுக் கட்டுரையை 1-ஆம் தேதி படித்து, லிங்கைத் தட்டி, விலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். சம்பளம் வந்த பிறகு, அல்லது வீட்டில் பேசிய பிறகு, 12-ஆம் தேதி நேராகக் கடைக்குப் போய் வாங்குகிறார். நெட்வொர்க்கின் ஏட்டில் கிளிக் இருக்கிறது. கடையின் ஏட்டில் விற்பனை இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் நூல் 8-ஆம் தேதி அறுந்துவிட்டது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் பணமும் வரவில்லை.

கனடா, இங்கிலாந்து, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுத் தமிழர்கள் அதிகம் படிக்கும் தளமென்றால் ஐபோன் பங்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கும். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் குக்கீக்குச் சம்மதம் கேட்கும் பெட்டி வேறு இருக்கிறது. 'வேண்டாம்' என்று அழுத்தினால் பல கடைகளில் அஃபிலியேட் குக்கீயும் எழுதப்படாது.

ஆண்ட்ராய்டு வாசகர்களிடம் பணம் கசியும் இடம் வேறு. இன்ஸ்டாகிராமில் லிங்கைத் தட்டினால் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கும். அதன் குக்கீகள் அதற்குள்ளேயே கிடக்கும். சாயங்காலம் வாசகர் குரோமைத் திறந்து வாங்கினால் அங்கே உங்கள் சுவடே இருக்காது. லிங்க் கடையின் செயலியைத் திறந்துவிட்டால், அந்தச் செயலி கிளிக் எண்ணை வாங்கிக்கொள்கிறதா என்பது இன்னொரு கேள்வி. மொபைலில் பார்த்து லேப்டாப்பில் வாங்குகிறவரை எந்தக் குக்கீயும் என்றைக்குமே பிடித்ததில்லை. பிரைவசி வசதிகள் மேல் பழி போடுவதற்கு முன் இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இதற்கு ஒரு கம்ப்யூட்டர் போதும். மேக் கிடைத்தால் இன்னும் நல்லது, நண்பரிடம் அரை மணி நேரம் கடன் வாங்குங்கள்.

முதலில் குரோம். புதிதாக ஒரு ப்ரொஃபைல் திறந்து உங்கள் கட்டுரைக்குப் போய் லிங்கைத் தட்டுங்கள். கடை திறந்ததும் முகவரிப் பட்டியின் வாலில் தொங்கும் எழுத்துக்கோவையைக் காப்பி செய்து வையுங்கள். வால் எதுவுமே இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்: ஒன்று, கடை அதை உடனே எடுத்துக்கொண்டு முகவரியைச் சுத்தம் செய்திருக்கிறது; அல்லது வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லிங்கைச் சுருக்கும் சேவை எதையாவது இடையில் வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்து எஃப்12 விசையை அழுத்தி, 'அப்ளிகேஷன்' தாவலில் 'குக்கீஸ்' பகுதியைத் திறந்து, அந்த எழுத்துக்கோவையைத் தேடுங்கள். ஏதாவது ஒரு வரிசையில் அது இருக்கும். அந்த வரிசையில் இரண்டு கட்டங்கள் முக்கியம். 'எக்ஸ்பயர்ஸ்' என்ற கட்டத்தில் காலாவதி தேதி. 'ஹெச்டிடிபி ஒன்லி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அதை எழுதியது சர்வர், நல்ல சகுனம். டிக் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் எழுதியது.

இதையே மேக்கின் சஃபாரியில் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய் வெப் டெவலப்பர்களுக்கான வசதிகளைக் காட்டு என்பதை டிக் செய்தால் மேலே 'டெவலப்' என்ற மெனு வரும். அதில் வெப் இன்ஸ்பெக்டர், அதற்குள் 'ஸ்டோரேஜ்'. இப்போது இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று 3-ஆம் தேதி, குரோம் அடுத்த மாதம் 2 என்கிறது, சஃபாரியும் அதையே சொல்கிறது என்றால் கடை ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. சஃபாரி 10 என்று காட்டினால் 7 நாள் கத்தரி விழுந்திருக்கிறது. 4 என்று காட்டினால் அந்தக் கடையின் '30 நாள்' ஐபோன்காரர்களைப் பொறுத்தவரை வெறும் விளம்பர வாசகம்.

ஒரு எச்சரிக்கை: சோதனைக்காக உங்கள் லிங்க் வழியாக நீங்களே ஆர்டர் போடாதீர்கள். பெரும்பாலான திட்டங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன, கணக்கே போய்விடும். அஃபிலியேட் மேனேஜருக்கு எழுதி, சோதனை ஆர்டர் ஒன்றை அவர்கள் பக்கம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மேனேஜரிடம் என்ன கேட்பது

கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள். கிளிக் எண்ணை உங்கள் சர்வர் எழுதுகிறதா, டேக் ஸ்கிரிப்ட் எழுதுகிறதா? விற்பனையைப் போஸ்ட்பேக் மூலம் அனுப்புகிறீர்களா, நன்றிப் பக்கத்துப் படத்தை மட்டும் நம்புகிறீர்களா? உங்கள் மொபைல் செயலியில் நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் உண்டா? 'எங்களுடையது சர்வர் சைடு டிராக்கிங்' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சிநேம் துணை முகவரியை வைத்துக்கொண்டும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. குக்கீயை எழுதும் சர்வரும் தளம் ஓடும் சர்வரும் ஒன்றா என்று திருப்பிக் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கடை, கமிஷன் இரண்டு சதவீதம் குறைவாகக் கொடுத்தாலும் என் கணக்கில் மேல்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வாசகர் கணக்குத் தொடங்கினால், கிளிக் எண்ணை அந்தக் கணக்கோடு சேர்த்து வைக்கிறீர்களா? ஆம் என்றால் பிரவுசர் பிரச்சினை கிட்டத்தட்டத் தீர்ந்தது. வாசகர் இலவசச் சோதனைக்காக மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்த நொடியிலேயே, அவர் உங்கள் மூலம் வந்தவர் என்பது கடையின் டேட்டாபேஸில் ஏறிவிடும். அவர் இரண்டு மாதம் கழித்து வேறு கம்ப்யூட்டரிலிருந்து பணம் கட்டினாலும் குக்கீ தேவைப்படாது. இதிலிருந்து கிடைக்கும் உத்தி எளிது: சாஃப்ட்வேர், கோர்ஸ் வகைகளில் உங்கள் லிங்கை விலைப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். இலவசச் சோதனை, இலவச முதல் பாடம் இருக்கும் பக்கத்துக்கு அனுப்புங்கள். வாசகருக்கும் அதுவே நல்லது. காசு கொடுக்காமல் பார்த்துவிடுகிறார்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியவை

கூப்பன் கோடு கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் ஒரு கோடு இருந்தால், அதைத் தட்டச்சு செய்கிறவர் எந்தப் பிரவுசரில், எந்தச் சாதனத்தில், எத்தனை நாள் கழித்து வந்தாலும் விற்பனை உங்களுடையது. யூடியூப் வீடியோவில் வாயால் சொல்லவும் முடியும். ஒரு கோடு பிரபலமானால் கூப்பன் தளங்கள் அதை எடுத்துப் போட்டுவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும், முடிந்தால் ஒவ்வொரு பட்டனுக்கும், தனித் துணை ஐடி வையுங்கள். எல்லா நெட்வொர்க்கும் இதற்கு இடம் கொடுக்கிறது; அமேசானில் பல டிராக்கிங் ஐடிகள் உருவாக்கிக்கொள்ளலாம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை முன்பெல்லாம் பிரவுசரே முழு முகவரியாகக் கடைக்குச் சொல்லிவிடும். 2020-க்குப் பிறகு குரோம் உட்பட எல்லோரும் வெறும் டொமைன் பெயரை மட்டும்தான் வெளியே சொல்கிறார்கள். துணை ஐடி இல்லாதவருக்கு எந்தக் கட்டுரை சம்பாதிக்கிறது என்பது தெரியாமலே போகும்.

லிங்க் சுருக்கும் பொதுச் சேவைகளைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் சொந்த டொமைனிலேயே திருப்பிவிடும் பிளகின் வைத்துக்கொண்டால் தப்பில்லை. அதில் திருப்பும் வகையாக 301-ஐத் தேர்ந்தெடுக்காமல் 302 அல்லது 307-ஐத் தேர்ந்தெடுங்கள். 301-ஐ பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் பின்னால் லிங்கை மாற்றினாலும் பழைய இடத்துக்கே அனுப்பும். அமேசான் லிங்கை மட்டும் இப்படி மறைக்காதீர்கள். போகும் இடம் அமேசான் என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் விதி.

வாங்கும் மனநிலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 'ஹோஸ்டிங் என்றால் என்ன' என்ற கட்டுரையில் லிங்கைத் தட்டியவர் வாங்குவதற்கு ஒரு மாதம் ஆகலாம். கத்தரி அதற்குள் விழுந்துவிடும். 'புதுப்பிக்கும்போது எந்த ஹோஸ்டிங் எவ்வளவு விலை ஏற்றுகிறது' என்று தேடி வருகிறவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார். முதல் வகைக் கட்டுரையின் முடிவில் லிங்குக்குப் பதிலாக இரண்டாவது வகைக் கட்டுரைக்கு வழி காட்டுங்கள்.

கடைசி நொடியில் வருகிறவர்கள்

பிரவுசரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரவுசருக்குள் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்டென்ஷன் உங்கள் இடத்தைப் பிடித்திருக்கலாம். பெரும்பாலான திட்டங்கள் கடைசிக் கிளிக்குக்கே கமிஷன் தருகின்றன. வாசகர் பணம் கட்டும் பக்கத்தில் நிற்கும்போது, கூப்பன் தேடித் தருகிறேன் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் எட்டிப் பார்க்கிறது. அவர் அதைத் தட்டினால், பின்னணியில் அதன் அஃபிலியேட் லிங்க் ஓடி, உங்கள் கிளிக் எண்ணின் மேல் தன் எண்ணை எழுதிவிடும். பேபாலுக்குச் சொந்தமான ஹனி எக்ஸ்டென்ஷன் இப்படிப் படைப்பாளிகளின் கமிஷனைத் தன் பக்கம் திருப்பியது என்று 2024 டிசம்பரில் ஒரு யூடியூபர் குற்றம் சாட்ட, வழக்குகள் வரை போனது. கடைசிக் கிளிக் உட்படத் துறை விதிகளைத்தான் பின்பற்றுகிறோம் என்றது பேபால். அதைத் தொடர்ந்து 2025 மார்ச்சில் கூகுள் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை இறுக்கியது: பயனருக்கு நேரடிப் பலன் இல்லாமல் அஃபிலியேட் குறியீட்டைச் செருகக் கூடாது.

கேஷ்பேக் செயலிகளும் இதே கடைசிக் கிளிக்கை நம்பித்தான் வாழ்கின்றன. நம் ஊர் வாசகர் ஐம்பது ரூபாய் கேஷ்பேக்குக்காக வழி மாறிப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. கடைசிக் கிளிக் கூப்பன் தளமாக இருந்தாலும் உள்ளடக்கம் எழுதியவருக்குப் பங்கு தரும் திட்டங்கள் சில இருக்கின்றன. ஒப்பந்தத்தில் 'அட்ரிபியூஷன்' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள்.

கைரேகை முறைக்குப் போகாதீர்கள்

'குக்கீயே வேண்டாத டிராக்கிங்' என்று யாராவது விற்க வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பல நேரம் அது வாசகரின் ஐபி எண், சாதன மாடல், திரை அளவு, பிரவுசர் பதிப்பு எல்லாவற்றையும் கோத்து ஆளை ஊகிக்கும் முறை. வாசகருக்குத் தெரியாமல், அவர் அழிக்கவும் முடியாத அடையாளத்தை அவர் மேல் ஒட்டுகிறோம். குக்கீயையாவது அவர் அழிக்க முடியும். எனக்கு இது பிடிக்காது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு லாபக் கணக்காகப் பார்த்தாலும் நம் ஊருக்கு இது சரிப்படாது. இந்திய மொபைல் நெட்வொர்க்குகளில் ஏராளமான சந்தாதாரர்கள் ஒரே பொது ஐபி எண்ணைப் பகிர்ந்துகொள்கிறார்கள்; ஒரே மாடல் போனும் ஆயிரக்கணக்கானோர் கையில் இருக்கிறது. யாரோ தட்டியதற்கு வேறு யாரோ வாங்கிய கமிஷன் விழும். பிறகு நெட்வொர்க் தணிக்கையில் பிடித்தால், திரும்பக் கட்ட வேண்டியவர் நீங்கள்.

விட்டுப்போன ஆர்டரைக் கேட்டு வாங்குவது

வாசகர் ஒருவர், உங்கள் லிங்கில்தான் வாங்கினேன் என்று எழுதியும் டாஷ்போர்டில் எதுவும் ஏறவில்லையா? பெரிய நெட்வொர்க்குகளில் இதற்குத் தனிப் படிவமே இருக்கிறது. வாசகர் சம்மதித்தால் ஆர்டர் எண், தேதி, தோராயமான நேரம், தொகை ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயரும் போன் எண்ணும் உங்களுக்குத் தேவையில்லை, வாங்காதீர்கள். அவர் எந்தச் சாதனத்தில் லிங்கைத் தட்டினார், எதில் பணம் கட்டினார், இடையில் எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். அந்த நாளின் கிளிக் உங்கள் துணை ஐடியின் கீழ் பதிவாகியிருந்தால் அதன் நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பல திட்டங்கள் இதற்குக் கெடு வைத்திருக்கின்றன. மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தாண்டிவிடும்.

கோரிக்கைகளை ஒரு எக்செல் தாளில் பிரவுசர் வாரியாகக் குறித்துவையுங்கள். ஒரே கடையில் ஐபோன் ஆர்டர்கள் மட்டும், அதுவும் ஒரு வாரம் கழித்து வாங்கியவை மட்டும் விட்டுப்போகின்றன என்று தெரிந்தால், அந்தத் தாளையும் சஃபாரி காட்டிய காலாவதி தேதியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து மேனேஜருக்கு அனுப்புங்கள். சர்வர் குக்கீக்கு மாறுவது அவர்களுடைய டெவலப்பருக்குப் பெரிய வேலை இல்லை. மாற மறுத்தால், அதே பொருளை விற்கும் அடுத்த கடையின் லிங்கை ஐபோன் வாசகர்கள் அதிகம் வரும் கட்டுரைகளில் முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.